சாவிக்காரரின் முதுகு

மனிதர்களில் பாதிப் பேர் அடுத்தவர் பைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள். மீதிப் பேர் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டு அடக்கிக்கொள்பவர்கள். லாக்கர்காரர் இந்த இரண்டு கணக்கிலும் வராதவர். அப்படி ஓர் ஆசையே அவருக்குக் கிடையாது. சில பேருக்கு இது எரிச்சலைக்கூடக் கிளப்பியது.

அவருக்கு வேலை வங்கியின் நிலவறையில். முதலில் ஒரு கம்பிக் கதவு, அதைத் தாண்டினால் கனமான இரும்புக் கதவு, உள்ளே சுவர் முழுக்கச் சின்னதும் பெரியதுமாக லாக்கர்கள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டதும் இவர் முன்னால் நடந்துபோய் விளக்கைப் போடுவார். ஒவ்வொரு லாக்கருக்கும் இரண்டு சாவித் துவாரங்கள் உண்டு. ஒன்று வங்கியின் சாவிக்கு, மற்றது வாடிக்கையாளரின் சாவிக்கு. இரண்டும் திரும்பினால்தான் கதவு திறக்கும். இவர் தன் சாவியைப் போட்டுத் திருப்புவார், உருவிக்கொள்வார், உடனே எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். "ஆச்சுன்னா சொல்லுங்க" என்பார். அந்தச் சுவரில் சுண்ணாம்பு எங்கெங்கே உரிந்திருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். லாக்கர்களுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

ஒருமுறை ஓர் அம்மாளின் பெட்டி கை நழுவி விழுந்து சாமான்கள் தரையெல்லாம் சிதறிவிட்டன. குனிய முடியாத அந்த அம்மாள் கூப்பிட்டதும் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கையால் துழாவித் துழாவி எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தார். என்ன விழுந்தது என்று மேனேஜர் பிறகு கேட்டபோது, "ஏதோ உருண்டையா இருந்துச்சு சார்" என்றார். வங்கியில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் மற்ற கிளைகளிலிருந்துகூட ஆட்கள் தங்கள் லாக்கரை இங்கே மாற்றிக்கொண்டு வந்தார்கள் என்பதும் உண்மை.

இந்தப் பழக்கம் வங்கியோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. வீட்டிலும் அப்படித்தான். மனைவி கைப்பையைத் திறந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அலமாரியைத் திறந்தால் கூரையைப் பார்ப்பார். மகள் படிக்கிற காலத்தில் மதிப்பெண் அட்டையை நீட்டினால், கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். மகளுக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. குளிர்பதனப் பெட்டிக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார், இல்லையென்றால் பட்டினி கிடந்திருப்பார்.

வங்கியின் சாவிகள் வங்கியிலேயே தங்கிவிடும். ஆனால் சொந்தச் சாவிக்கொத்து ஒன்று எப்போதும் அவருடைய வலது இடுப்பில் தொங்கும். வீடு, வாசல், அலமாரி, சைக்கிள், எப்போதோ தொலைந்துபோன பூட்டுகள், எதற்கென்றே தெரியாத இன்னும் சில. பூட்டு போனால் சாவியையும் தூக்கிப் போடலாமே என்று மனைவி பலமுறை சொல்லிப் பார்த்தாள். பூட்டு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

மனைவி பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வீட்டின் முன்னறையிலேயே சிகிச்சை கொடுத்துவந்தாள். உயரமான ஒரு கட்டில், சுவரில் பதித்த மர ஏணி, ரப்பர் பட்டைகள், பெரிய பந்து, ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான் அந்த அறை. தோள் தூக்க முடியாதவர்கள், முழங்கால் மடக்க முடியாதவர்கள், விழுந்து எழுந்தவர்கள் என்று ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். லாக்கர்காரர் அவர்கள் கண்ணில் பட மாட்டார். வேலை முடிந்து வந்தால் பக்கத்துச் சந்து வழியாகப் போய்ப் பின்கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் நுழைவார். அடுத்தவர் வலியும் ஒரு லாக்கர்தான் என்பது அவருடைய கட்சி.

வீட்டுக்குப் போனதும் நோயாளிகள் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள் என்பதற்காக மனைவி லேப்டாப்பில் படம் வரைந்து, ஆளுக்கேற்றபடி மாற்றி, அச்சடித்துக் கொடுப்பாள். ஒருவருக்கு முழங்கை வளையாது என்றால் அதற்கேற்ற படம். இன்னொருவர் நாற்காலியில்தான் உட்கார முடியும் என்றால் அதற்கேற்ற படம். கோட்டுப் படங்கள் என்பது வரைக்கும் லாக்கர்காரருக்குத் தெரியும். பார்த்ததில்லை. அவள் வரையும்போது காப்பி கொண்டுவந்து வைத்தால்கூட, திரைக்கு முதுகைக் காட்டியபடி பக்கவாட்டாக நடந்துவந்து வைத்துவிட்டுப் போவார்.

ஒன்றை மட்டும் அவர் கவனித்திருந்தார். தெருவில் நடந்து போகும்போது சில சமயம் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாராவது ஒரு கையை அரைகுறையாகத் தூக்கியபடி, அல்லது ஒரு காலை முன்னால் வைத்தபடி நின்றுகொண்டிருப்பார்கள். இவர் பார்த்ததும் சட்டென்று கையை இறக்கிவிடுவார்கள். ஊர் ஜனங்களுக்கு உடம்பைப் பற்றிய அக்கறை கூடிவிட்டது என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டார்.

பேக்கப் வேலை அவர் கைக்கு வந்தது மகளால். வெளியூரில் வேலை பார்க்கும் அவள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அம்மாவின் படங்களுக்கு ஒரு நகல் இருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பென் டிரைவ் வாங்கிக் கொடுத்தாள். பத்திரப்படுத்தும் வேலை என்றால் அது யாருக்குப் போகும்? அப்பாவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். திரையில் அம்மா பெயர் போட்ட ஃபோல்டர் இருக்கும், அதை மவுஸால் பிடித்து இழுத்து பென் டிரைவுக்குள் விட வேண்டும், பழையது இருக்கிறதே மாற்றட்டுமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும், பிறகு முறைப்படி கழற்ற வேண்டும். லாக்கர்காரர் பாடத்தைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். மகள் கிளம்பிப் போனாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீட்டில் நடந்தது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருவார். ஃபோல்டரை இழுத்து விடுவார். பென் டிரைவின் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும். முடிந்துவிடும். இவ்வளவு படங்கள் இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பென் டிரைவைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, ஒரு தகர டப்பாவில் வைத்து, டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்ப்பார். திரும்ப ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். உள்ளே போனது என்ன என்று ஒரு நாளாவது அந்த பென் டிரைவைத் திறந்து பார்த்தாரா என்றால், இல்லை. லாக்கர்காரர் எப்படிப் பார்ப்பார்? அது மனைவியின் சாமான்.

லேப்டாப்பிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தபோது அவர் சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். பேட்டரி மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. கடிகாரத்தையே கழற்றி அடுத்த அறையில் மாட்டினார். பிறகும் நிற்கவில்லை. மூன்றாவதாக அவர் எதைச் சந்தேகப்பட்டிருப்பாரோ தெரியாது. அதற்குள் ஒரு காலையில் லேப்டாப் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதோ ஒரு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

நின்றதுதான் நின்றது, நேரம் பார்த்து நின்றது. மனைவி முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் எல்லாருக்கும் அவளுடைய படங்களையே அச்சிட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்து, முழுத் தொகுப்பையும் கேட்டிருந்தார்கள். அவள் வாழ்நாளில் செய்த வேலைக்குக் கிடைத்த மரியாதை அது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனாலும் அவள் பதறவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதான் உங்ககிட்ட இருக்கே. நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

லாக்கர்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது. அலமாரியைத் திறந்து, டப்பாவை எடுத்து, பஞ்சோடு பென் டிரைவைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் புறப்பட்டார். நடையே வேறு மாதிரி இருந்தது.

கடை நடத்தியவள் நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். லேப்டாப்பைக் காதில் வைத்துக் கேட்டாள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கருவியில் மாட்டிப் பார்த்தாள். உள்ளே சுழலும் தட்டின் மேல் மிதந்துகொண்டிருக்க வேண்டிய முள் தட்டிலேயே உரசிக் கீறிவிட்டது, இந்தச் சத்தம் வந்த முதல் நாளே நிறுத்தியிருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம், இனி இதிலிருந்து ஒன்றும் தேறாது என்றாள். லாக்கர்காரர் கடிகாரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றினார்.

அவள் பென் டிரைவைத் தன் கணினியில் செருகினாள். அவர் பழக்கப்படி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மவுஸ் இரண்டு மூன்று தடவை சொடுக்கும் சத்தம் கேட்டது.

"சார், இங்க வந்து பாருங்க."

"வேண்டாம்மா. ஆச்சுன்னா சொல்லுங்க."

"பாக்கத்தான் சார் வேணும்."

திரும்பினார். பெரிய வெள்ளைத் திரையில் ஒரே ஒரு ஃபோல்டர் படம். அதன் மூலையில் குட்டியாக ஒரு வளைந்த அம்பு. அந்த அம்பை அவர் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்திருக்கிறார், ஏதோ அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தார்.

"இது ஃபோல்டர் இல்ல சார். ஷார்ட்கட். ஃபோல்டர் எங்க இருக்குன்னு விலாசம் எழுதின சீட்டு மாதிரி. வீடு அந்த ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு. நீங்க வாராவாரம் இந்தச் சீட்டத்தான் எடுத்து வெச்சிருக்கீங்க."

எளிதாகத் திறக்கட்டும் என்று மகள் திரையில் வைத்துவிட்டுப் போன குறுக்குவழி அது. மகள் மேல் தப்பில்லை. ஒரே ஒரு தடவை வேறொரு கணினியில் பென் டிரைவைத் திறந்து பார்த்திருந்தால் உள்ளே படம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்திருக்கும். லாக்கர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்நாளெல்லாம் ஒன்றும் இல்லாத பெட்டியைப் பூட்டிப் பூட்டி இழுத்துப் பார்த்தவன் மாதிரி இருந்தது அவருக்கு. கடைக்காரப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நிறையப் பேர் செய்கிற தப்புதான் இது என்று ஆறுதல் சொன்னாள். நிறையப் பேர் லாக்கர்காரர்கள் இல்லையே என்று அவர் மனத்துக்குள் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. "நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்" என்ற அந்த ஒரு வாக்கியம் கூடவே நடந்து வந்தது. என்ன சொல்லி எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே தெருத் தெருவாகச் சுற்றினார். அப்போதுதான் ஒன்று தோன்றியது. அவள் படங்களை அச்சடித்து ஆட்களுக்குக் கொடுத்தாளே, அந்தத் தாள்கள் எங்கே போயிருக்கும்? தனக்கென்று அவள் ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை, லேப்டாப்பில் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். ஆனால் வாங்கிப் போனவர்கள் எல்லாருமா தூக்கி எறிந்திருப்பார்கள்? நோயாளிகள் யார் எவர் என்று அவருக்குத் தெரியாது, அதுதான் பின்கதவு வழியாகப் போகிறவர் ஆயிற்றே. ஒரே ஒருவரை மட்டும் தெரியும். கடைவீதி பேக்கரிக்காரர் தோள் சரியான சந்தோஷத்தில் அடிக்கடி ஒரு ரொட்டி கொடுத்து அனுப்புவார்.

பேக்கரிக்குப் போனார். கல்லாவில் நின்ற பேக்கரிக்காரருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டார். கொஞ்சம் பேச வேண்டும் என்றார் இவர். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, காத்திருந்த வேறொருவருக்குச் சில்லறை கொடுக்க அவர் கல்லாப்பெட்டியைத் திறந்தார். லாக்கர்காரர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பின்னால் கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்கவில்லை. பேக்கரிக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது கேட்டது. "ஏய், சீக்கிரம் இங்க வா. சாவிக்காரர் வந்திருக்காரு."

கையெல்லாம் மாவோடு பேக்கரிக்காரரின் மனைவி ஓடி வந்தாள். அவர் முதுகைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக நின்றாள். லாக்கர்காரர் ஒன்றும் புரியாமல் திரும்பியதும், அவள் லேசாக ஏமாந்தது போல, "திரும்பவும் ஒரு தடவை அந்தப் பக்கம் பாருங்களேன்" என்றாள்.

அடுப்பறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், நெய்க் கறையும் மாவுத் தூசியுமாக அந்தத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு குள்ளமான ஆள் நமக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்கிறான். விரல்களால் சுவரில் ஏறுகிறான். ஒரு படத்தில் இடுப்பளவு, அடுத்ததில் தோளளவு, அடுத்ததில் தலைக்கு மேல். உச்சந்தலையில் ஒரு சின்ன வழுக்கை. வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. சட்டைக் காலர் பின்னால் ஒரு பக்கம் மடங்காமல் நிமிர்ந்து நிற்கிறது.

லாக்கர்காரர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் காலரைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்துதான் நின்றது. தினமும் காலையில் அவர் வாசலைத் தாண்டும்போது அவள் பின்னாலிருந்து கூப்பிட்டு ஏதோ ஒன்றைச் சரிசெய்து அனுப்புவாள். என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பேக்கரிக்காரர் பேசிக்கொண்டே போனார். தோளில் வலி உயிர் போகும்போது இந்தச் சாவிக்காரரைத்தான் திட்டித் தீர்ப்பாராம், கை மேலே போய்விட்டால் இவருக்குத்தான் நன்றி சொல்வாராம். டாக்சிக்காரர் வீட்டில் இதே ஆள் நாற்காலியில் உட்கார்ந்து கால் நீட்டுகிறாராம். தபால்காரம்மா வீட்டில் படி ஏறுகிறாராம். இப்படி ஓர் ஆள் நிஜமாகவே இருக்கிறாரா என்று அவர்களுக்குள் பந்தயமே நடந்ததாம். தெருவில் யாரோ பின்னாலிருந்து பார்த்துவிட்டு இருக்கிறார் என்றார்களாம், மற்றவர்கள் நம்பவில்லையாம்.

முதலில் லாக்கர்காரருக்கு வெட்கம் வந்தது. பிறகு லேசாகக் கோபம், ஒரு வார்த்தை கேட்காமல் ஊர் முழுக்க ஒட்டிவைத்துவிட்டாளே என்று. அடுப்பின் சூட்டில் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தபோது இரண்டும் போய்விட்டன. கீழ் வரிசை லாக்கருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு ஒரு பக்கம் சாய்கிற வழக்கம் உண்டு, அது அந்தக் கோட்டில் இருந்தது. யோசிக்கும்போது இடது காலை வலது காலுக்குப் பின்னால் வைப்பார், அதுவும் இருந்தது. அவர் சுவரைப் பார்த்து நின்ற நேரமெல்லாம் அவள் அவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவர்தான் ஒன்றையும் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். மாவு மூக்கில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

அன்றைக்கு அவர் வீட்டுக்குள் முன்வாசல் வழியாகப் போனார். கடைசி நோயாளி கிளம்பிப் போயிருந்தார். மனைவி கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரை அந்த வாசலில் பார்த்ததுமே ஏதோ நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னார். டிக் டிக் சத்தம், கடிகாரம், அம்பு, விலாசச் சீட்டு, ஒன்று விடவில்லை. அவள் கையில் துணியோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவைகூடவா தொறந்து பாக்கல?"

"இல்ல. பென் டிரைவ் உன்னுது. அதான்..."

"நான் பென் டிரைவக் கேக்கல. நான் வரைஞ்சத."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது அவருக்கு.

"என் வேலைய ஊரே பாத்துச்சு. நீங்க மட்டும் பாக்கல. மரியாதைன்னு நீங்க நெனச்சீங்க. அக்கறை இல்லையோன்னு நான் நெனச்சேன். கேக்கவும் பிடிக்கல."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. படங்கள் போனதைவிட இது பெரிதாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேக்கரிக்காரர் கழற்றிக் கொடுத்த தாளை எடுத்து, மடிப்பை நீவி, கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்தார்.

"இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார். "காலர் அப்படியா நிக்குது?"

அவள் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு இருந்தது, உதடு மட்டும் சிரிக்கப் பார்த்தது. "எப்பவும்" என்றாள்.

சமாதானம் அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. அன்று இரவு முழுக்க அவரை ஒரு பிடி பிடித்தாள். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு ஆளின் வலியைப் பார்த்துப் பார்த்து மாற்றியது, உட்கார்ந்து யோசித்துத் திரும்ப வரைந்தாலும் அது வராது என்றாள். அதனால்தான் தாள்களைத் தேடிப் போவோம் என்றார் அவர். யார் யாரிடம் எது இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவர் நடக்கத் தயார். மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள்.

நோயாளிகளின் வீட்டுக்குள் லாக்கர்காரர் அடியெடுத்து வைத்தது அப்போதுதான். தாள் எங்கெங்கோ இருந்தது. டாக்சிக்காரர் வண்டியில் வெயில் மறைப்பின் உள்பக்கம் செருகி வைத்திருந்தார். தபால்காரம்மா படிக்கட்டின் மேல்சுவரில் ஒட்டியிருந்தாள். நூலகத்தில் வேலை பார்ப்பவர் ஒரு பெரிய அகராதிக்குள் வைத்திருந்தார், இடுப்பு வலிக்கு அந்த அகராதியைத் தூக்கக் கூடாது என்று அதே தாளில் எழுதியிருந்தது. போன இடமெல்லாம் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி ஒருமுறை பார்த்துக்கொண்ட பிறகுதான் தாளைக் கொடுத்தார்கள். அவர் அசடு வழிந்துகொண்டு திரும்பி நின்றார். மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் இப்படிச் சேர்ந்து வெளியே சுற்றி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சேர்ந்த தாள்களைப் புது லேப்டாப்பில் ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். கறைகளை அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். இந்தத் தடவை பேக்கப் முறையை லாக்கர்காரரே வகுத்தார். இரண்டு சாவி முறை. அவர் இரண்டு தனித்தனி டிஸ்கில் நகல் எடுப்பார், ஒன்று வீட்டில், ஒன்று மகளிடம். எடுத்த பிறகு லேப்டாப்பிலிருந்து கழற்றி, வேறொரு கணினியில் மாட்டி, மனைவி ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்ப்பாள். இரண்டு பேரும் சரி என்றால்தான் வேலை முடிந்தது. அம்பு இருக்கிறதா என்று மட்டும் தானே தனியாக ஒருமுறை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

கடைசியில் ஒரே ஒரு பயிற்சி கிடைக்கவில்லை. கழுத்து. எத்தனையோ பேருக்குக் கொடுத்தது, ஆனால் ஒருவர்கூடப் பத்திரமாக வைத்திருக்கவில்லை. தபால்காரம்மாதான் காரணத்தைப் போட்டு உடைத்தாள். அந்தப் படத்தில் முதுகும் பின்தலையும் மட்டும்தான் இருந்ததாம், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியவில்லையாம், அதனால் எல்லாரும் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். மனைவி அதை மறுக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். முகத்தை வரைய வேண்டும் என்று உட்காருவாள், வராது. பார்த்துப் பழகியதெல்லாம் முதுகுதானே.

ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை. லாக்கர்காரர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னறைக்கு வந்தார். மனைவி லேப்டாப் முன்னால் வரையும் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். அந்த மர ஏணிக்கு எதிரே நிற்கச் சொன்னாள். அவர் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார், இடது கால் தானாகவே வலது காலுக்குப் பின்னால் போனது.

"உடம்பு அப்படியே இருக்கட்டும். கழுத்த மட்டும் மெதுவா இந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினார். சாவிக்கொத்து லேசாகச் சத்தம் போட்டது.

"இன்னும் கொஞ்சம். தோளுக்கு மேல. வலிச்சா நிறுத்திடுங்க."

"வலிக்கல."

இன்னும் கொஞ்சம் திருப்பினார். முதலில் ஜன்னல் தெரிந்தது, பிறகு கட்டில், பிறகு மேசையின் ஓரம். கடைசியில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேனாவை நிறுத்திவிட்டு, தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் முகம். பழக்கதோஷத்தில் பார்வையைத் தாழ்த்தினார்.

"கீழ பாக்காதீங்க. இங்க பாருங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் ஆச்சுன்னு சொல்ற வரைக்கும்" என்றாள் அவள். முகத்தை வரைய ஆரம்பித்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். படம் எப்போதோ முடிந்துவிட்டது, அவள் ஆச்சு என்று சொல்லவில்லை.